கடன் வசூலிப்பவர் வாசலில் நிற்கும்போது: உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது எப்படி?

என் அண்ணி மகளிர் குழு மூலம் வாங்கியிருந்த கடனில் ஒரே ஒரு தவணை நின்றுபோன வாரத்தில், அந்த நிறுவனத்தின் வசூல் ஊழியர் மாலை ஆறரை மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எட்டு மணிக்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. அவர் கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. "பணம் வந்தால் போய்விடுவேன், அக்கா" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, தெருவில் போகிறவர்கள் அனைவரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார். குழுவின் மற்ற பெண்களில் இருவரையும் கூடவே அழைத்து வந்து நிற்க வைத்திருந்தார். அண்ணி காதிலிருந்த தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பிய பிறகுதான் அவர் வண்டியைக் கிளப்பினார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அவர் அங்கே வந்து உட்கார்ந்ததே தவறு என்பது எங்களில் எவருக்கும் அன்று தெரியாது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு எந்த உரிமையாலும் மறைந்துவிடாது. அதைக் கேட்கும் முறைக்கு எல்லை உண்டு என்பதும், அந்த எல்லையை மீறியவரைத் தட்டிக் கேட்க வாய்ச்சொல் போதாது, தாள் வேண்டும் என்பதும்தான் அந்த மாலைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை. ஆகவே கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கடிதத்திலோ, குறுஞ்செய்தியிலோ, ரசீதிலோ சென்று முடியும்.

முதல் படி: கடன் கொடுத்தவர் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

கதவைத் தட்டுபவர் யார் என்பதைவிட, அவரை அனுப்பியவர் யார் என்பதே முக்கியம். எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

வங்கி, அல்லது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனம் என்றால், ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலில் வங்கிகளின் வசூல் முகவர்களுக்கென விதித்த நெறிமுறைகளும், 2022 ஆகஸ்ட் 12 அன்று நிதி நிறுவனங்களையும் சேர்த்து விதித்த கட்டுப்பாடுகளும் அளவுகோல். முகவர் என்பவர் வெளியாள், அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எந்த வங்கியும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவருடைய செயல்களுக்கு நிறுவனமே பொறுப்பு.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கப்படும் கடன் நுண்கடன் எனப்படும். குழுக்கடன்களில் பெரும்பாலானவை இதில் அடங்கும். இதற்கென 2022 மார்ச்சில் வெளியான தனி விதிகள் இன்னும் கடுமையானவை. பணம் கட்டும் இடம் இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்ததாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடன்தாரர் தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வராமல் போனால் மட்டுமே ஊழியர் அவருடைய வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். அண்ணி அந்த வாரமும் கூட்டத்துக்குப் போய், நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

கைப்பேசிச் செயலி மூலம் வாங்கிய கடன் என்றால், செயலியின் பெயரைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அதன் பின்னால் எந்த வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கிறது என்று தேடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களோடு இணைந்த கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கடனைக் கொடுத்த செயலி அந்தப் பட்டியலில் இல்லாமல், உங்கள் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு உருவப்படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால், அதை வசூல் என்று கருதவே வேண்டாம். நேராக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

தனி ஆளிடம் வாங்கிய கந்துவட்டிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி எதுவும் செய்ய முடியாது. அதற்குத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் என்று தெருவில் வழங்கும் பெயர்களையே அந்தச் சட்டம் எடுத்துச் சொல்லித் தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதற்கு மேல், கடனை வற்புறுத்தியும் மிரட்டியும் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இரண்டாம் படி: கணக்கை வாங்கிப் பாருங்கள்

கடன் ஒப்பந்தம், தவணை அட்டவணை, இதுவரை கட்டியதற்கான கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள். முகவர் வாயால் சொல்லும் தொகையும் கணக்கு அறிக்கையில் உள்ள தொகையும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. தவணை தவறியதற்கு அபராத வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே விதிக்கலாம், அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடக் கூடாது. நுண்கடன் என்றால், அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான். மொத்தக் கடன் தொகைக்கும் அல்ல.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், வந்த எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். பின்னால் புகார் எழுதும்போது "அடிக்கடி தொந்தரவு செய்தார்கள்" என்ற வரிக்கு எந்த அதிகாரியும் அசையமாட்டார், "செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு ஒரு முறை, 7.25க்கு ஒரு முறை, என் மாமியாரின் எண்ணுக்கு 7.40க்கு ஒரு முறை" என்ற வரிக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

மூன்றாம் படி: தொலைபேசியில் பேசும் முறை

வங்கிக் கடனுக்கும் பொதுவான நிதி நிறுவனக் கடனுக்கும் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. நுண்கடனுக்கு இந்த எல்லை காலை 9, மாலை 6. அனுமதிக்கப்பட்ட நேரத்திலும்கூட விடாமல் தொடர்ந்து அழைப்பதும், பெயர் சொல்லாமல் மிரட்டுவதும், தகாத செய்தி அனுப்புவதும், உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் ஆகியோரைத் தொந்தரவு செய்து உங்களை அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டவை. கடன் வாங்கும்போது உங்களைத் தெரிந்தவர் (ரெஃபரன்ஸ்) என்று நீங்கள் பெயர் கொடுத்த நண்பர் ஜாமீன்தாரர் ஆகிவிடமாட்டார். அவரிடம் பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அழைப்பை எடுக்காமல் ஒளிவது எளிதாகத் தோன்றும். அதனால் அழைப்புகள் பெருகுமே தவிரக் குறையாது. ஒரு முறை எடுத்து, பதிவு செய்துகொண்டே, மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: "உங்கள் பெயர் என்ன? எந்த முகமையிலிருந்து பேசுகிறீர்கள்? என் கணக்கு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக வங்கி எனக்கு அனுப்பிய அறிவிப்பின் தேதி என்ன?" மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. முகவரின் விவரத்தை முன்கூட்டியே கடன்தாரருக்குத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. செயலிக் கடனிலும் முகவர் தொடர்புகொள்வதற்கு முன்பே அவருடைய விவரம் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்கு வந்திருக்க வேண்டும். "இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அழைப்பை முடியுங்கள். எந்தத் தேதிக்குள் கட்டுவேன் என்று அவசரத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிறைவேறாத வாக்குதான் அடுத்த அழைப்புக்கு அவருக்குக் கிடைக்கும் பிடி.

நான்காம் படி: வாசலில்

வந்தவரிடம் அடையாள அட்டையையும், நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். வங்கியின் முகவர் இவற்றோடு, வங்கி உங்களுக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலையும் கையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி "இதுதான் லெட்டர்" என்பார்கள். அதில் உங்கள் கணக்கு எண்ணும் அவருடைய பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கூடாது என்று கையை மறைப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அவரை வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுமதியின்றி உள்ளே நுழைவதும், போகச் சொன்ன பிறகும் மிரட்டும் நோக்கத்தோடு நிற்பதும் அத்துமீறல் ஆகும். தொலைக்காட்சியையோ சமையல் எரிவாயு உருளையையோ தூக்கிச் செல்ல அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்படி நடந்தால் 100ஐயோ 112ஐயோ அழையுங்கள்.

வாகனக் கடனில் நிலைமை சற்று வேறு. வண்டியை மீட்டெடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கும். எனினும் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்த முறையில் எடுப்பது, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும் என்பவையும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாலையில் வழிமறித்துச் சாவியைப் பிடுங்குவது இந்த நடைமுறையில் எங்கும் இல்லை. வசூலுக்கு அடியாட்களைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

பணத்தை முகவரின் கையிலோ அவருடைய சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கோ கொடுக்க வேண்டாம். கட்டுவதென்றால் கடன் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள். ரொக்கமாகத்தான் கொடுக்க முடியும் என்றால் நிறுவனத்தின் அச்சிட்ட ரசீதை அங்கேயே வாங்குங்கள். குழுக்கடனில், கட்டிய தவணைகளைக் குறித்துத் தரும் அட்டையில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கை மாறக் கூடாது.

ஐந்தாம் படி: மிரட்டலையும் உண்மையான ஆபத்தையும் பிரித்தறியுங்கள்

என் கணிப்பில், மக்கள் அதிகம் பயப்படுவது நடக்க முடியாத விஷயங்களுக்கு. கவனிக்காமல் விடுவது நடக்கக் கூடியவற்றை.

"நாளை போலீஸ் வந்து கைது செய்யும்" என்பது முதல் வகை. தவணை கட்ட முடியாமல் போவது உரிமையியல் (சிவில்) சார்ந்த விவகாரம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் ஆவணம் கொடுத்திருந்தால்தான் குற்ற வழக்கு வரும். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உரிமையியல் சிறை என்ற வழி உண்டு. ஆனால் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்ட மறுப்பவர் என்று மெய்ப்பித்தால்தான் அது நடக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் "மக்கள் நீதிமன்ற அறிவிப்பு" அடுத்தது. சிங்க முத்திரையும் சிவப்பு எழுத்தும் பார்த்ததும் கை நடுங்கும். மக்கள் நீதிமன்றம் என்பது சமரசத்துக்கான இடம். நீங்கள் சம்மதிக்காமல் அங்கே உங்களுக்கு எதிராக எந்த உத்தரவும் பிறக்காது. அறிவிப்பு உண்மையானதா என்பதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். உண்மையானது என்றால் தவறாமல் போங்கள். தொகையைக் குறைத்துப் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

"தாலியைக் கழற்றிக் கொடு" என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றமே உத்தரவிட்டு ஜப்தி செய்தாலும் தொடக் கூடாதவை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதை நெல். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அந்தப் பாதுகாப்பில் வரும். நீதிபதியால் எடுக்க முடியாததை வாசலில் நிற்பவர் கேட்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

"அப்பா வாங்கிய கடனை மகன்தான் கட்ட வேண்டும்" என்பது ஊரில் வேரூன்றிய எண்ணம். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பளவுக்கு மட்டுமே பொறுப்பு; சொத்து ஏதும் வராதபோது உங்கள் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது.

இனி உண்மையான ஆபத்துகள். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், அது குற்ற வழக்கு: 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம். தானியங்கித் தவணைப் பிடித்தம் பணமின்றித் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25ஆம் பிரிவின் கீழ் அதே விளைவுதான். இதற்கான வழக்கறிஞர் அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைக் கட்டினால் வழக்கு எழாது. எனவே பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரிய பிழை; வாங்காவிட்டாலும் வாங்கியதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டால், 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டைக் கையகப்படுத்தலாம். முதலில் 60 நாள் அறிவிப்பு தர வேண்டும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இந்த நாள் கணக்கைத் தவறவிட்டவர்களுக்கு வழக்கறிஞர்களாலும் அதிகம் உதவ முடிவதில்லை.

பழைய கடன் ஒன்றைக் கேட்டு யாராவது வந்தால், கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள் என்று முதலில் பாருங்கள். அடமானமில்லாத கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. அந்த வரம்பு முடிவதற்குள் "கடன் உண்டு" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டால் புதிதாக மூன்றாண்டு தொடங்கிவிடும். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆறாம் படி: புகார்

முதல் புகார் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போக வேண்டும். அதன் குறைதீர் அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் இணையதளத்திலும் கடன் ஆவணத்திலும் இருக்கும். நீண்ட கதை வேண்டாம். இந்த அளவு போதும்:

"என் கடன் கணக்கு தொடர்பாக, உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் கீழ்க்கண்ட தேதிகளில் இரவு 8 மணிக்குப் பிறகு என்னையும், கடனுக்குத் தொடர்பில்லாத என் சகோதரியையும் அழைத்து இழிவாகப் பேசினார். அழைப்புப் பதிவும் நேர விவரமும் இணைக்கப்பட்டுள்ளன. அவர் உங்கள் அங்கீகரிக்கப்பட்ட முகவரா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். இந்தப் புகார் தீரும்வரை என் கணக்கை வசூல் முகவரிடம் ஒப்படைக்க வேண்டாம். நிலுவையைக் கட்ட நான் தயார். மாதம் இவ்வளவு என்னால் இயலும்."

முகவரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்ற வாக்கியம் வெறும் வேண்டுகோள் அல்ல. கடன்தாரரின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வீண் புகார் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி வங்கி அந்தக் கணக்கை முகவருக்கு அனுப்பக் கூடாது என்பது 2008 விதி. கடைசி இரண்டு வாக்கியங்கள், நீங்கள் கடனை மறுப்பவர் அல்லர் என்பதற்கான சாட்சி. இதைப் போன்ற ஒரு கடிதத்தை நான் எழுதிக் கொடுத்து, அண்ணி கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அடுத்த வாரத்திலிருந்து வசூல் கூட்டம் நடக்கும் இடத்தோடு நின்றது.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்கீழ் இணையத்திலோ தபாலிலோ புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

மிரட்டல், ஆபாசப் பேச்சு, அத்துமீறல் ஆகியவற்றுக்கு இந்த 30 நாள் காத்திருப்பு கிடையாது. அன்றே காவல் நிலையம் போகலாம். புகாரில் சட்டப் பிரிவு எண்களை எழுதி நிரப்புவதைவிட நடந்ததை வரிசையாக எழுதுங்கள், பிரிவைத் தேர்ந்தெடுப்பது காவல் துறையின் வேலை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் அதையே காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமலே இலவச உதவி உண்டு.

இந்த நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால், புகார், கணக்கு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம்.

ஏழாம் படி: முடிக்கும்போது

வருமானம் குறைந்துவிட்டது என்றால், தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரே தவணையில் குறைத்து முடிக்கும் செட்டில்மென்ட் என்றால், தொகை, கடைசித் தேதி, இதற்கு மேல் பாக்கி இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தில் வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுமையாக முடிந்ததாக வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது உறுத்தும். முழுத் தொகையையும் கட்டக் கூடியவர் அவசரப்பட்டு இந்த வழிக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கட்டி முடித்ததும் பாக்கியில்லாச் சான்றிதழை வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. இரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் தகவல் அறிக்கையை எடுத்து, கணக்கு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடப்படாமல் இருந்தால் திருத்தம் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கேட்டு வாங்கலாம். கடன் வாங்கிய அன்று வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள் எத்தனை என்று எண்ணி, அத்தனையையும் திரும்ப வாங்கி, உங்கள் கையாலேயே கிழித்துப் போடுங்கள்.